கரையோரத் தூண்டில்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், வங்கக் கடலை ஒட்டிப் பரந்து கிடப்பது பழவேற்காட்டு ஏரி. நம் நாட்டின் உப்பு நீர் ஏரிகளுள் சில்காவுக்கு அடுத்துப் பெரியது இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளன. 1613-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் இவ்வூரில் ஒரு கோட்டை கட்டினர். கோட்டை இடிந்து மண்ணோடு மண்ணாயிற்று. ஏரியின் மீன்தொழிலோ இன்றும் நடைபெற்று வருகின்றது.

ஏரி ஆழமற்றது. பல இடங்களில் இடுப்பளவு நீர் நின்றாலே மிகுதி. ஆதலின் இங்குப் பெருங்கருவிகள் வேண்டுவதில்லை. இருளர் குலத்து மக்கள் கருவியே இன்றி இறால் பிடிப்பதைக் காணலாம். பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, நீரில் தவழ்ந்தவாறே, இரு கைகளாலும் சேற்றைத் தடவிச் செல்வர். விரலில் பட்ட இறாலைப் பற்றிப் பறியில் இடுவர். அவர்களுக்குக் கண் கையிலே இருக்கின்றது எனலாம். கிளிஞ்சலும் நண்டின் கொடுக்கும் அக்கைகளைக் கிழிப்பதும் உண்டு.

கட்டுவலை இடும் இடங்களைப் ‘பாடு’ என்பர். அவ்விடங்களை மீனவர் தமக்குள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். தூண்டிலோடு வருபவன் பாட்டை விட்டு விலகிக் கரையோரமாக நிற்றலே முறை.

தூண்டிலுக்கு வேண்டுவன நான்கே: நரம்பு, முள், குண்டு, தக்கை. இவற்றை எவ்வளவு வலிதாகப் பிணைக்கலாம் என்றே புதியவன் எண்ணுவான். அறுந்தால் என்னாகும் என்பதை அவன் எண்ணுவதில்லை. ஏரியின் அடியில் கிளிஞ்சற் குவியலும் பழைய வலைக்கழிகளின் அடிக்கட்டைகளும் உண்டு. குண்டு அவற்றில் சிக்கும். இழுத்தால் நரம்பு அறும். முள்ளை விழுங்கிய கொடுவா மீன், நரம்பும் குண்டும் தன்னோடு பிணைந்திருக்க, சிக்கிய இடத்திலேயே கிடந்து மாளும். அம்மீன் பிடித்தவனுக்கும் பயன்படாது, ஏரிக்கும் பயன்படாது.

இதற்கு மாற்று மிக எளியது. நரம்பினும் மெல்லிய நூலால் குண்டைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். குண்டு சிக்கும்போது நூல் மட்டும் அறும். நரம்பும் மீனும் கைக்கு வரும். ஒருகால் நரம்பே அறுந்தாலும், மீன் ஓடி இழுக்கையில் நூல் அற்றுவிடும், மீன் பிழைத்துக்கொள்ளும். இங்கிலாந்தில் குளக்கரைகளில் கெண்டை பிடிப்போர் இவ்வகைப் பிணைப்பையே விரும்புகின்றனர். அவர்கள் பிடித்த மீனை எடை பார்த்து மீண்டும் நீரிலேயே விட்டுவிடும் வழக்கமுடையவர்கள். உண்பதற்காக மீன் பிடிப்போருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். பிணைப்பு மட்டும் இருவருக்கும் பொதுவே.

முள்ளின் முனைக்குப் பின்னே, எதிர்ப்புறம் நோக்கிய சிறு கூர் ஒன்று உண்டு. குறட்டால் அதனை நசுக்கிவிட்டால், சிறு குஞ்சுகளைச் சிதையாமல் எடுத்து விடலாம். நரம்பை இறுக்கமாகப் பிடித்திருப்பவனிடமிருந்து மீன் எளிதில் தப்புவதும் இல்லை. பிடிப்பவன் விரலில் தைத்தாலும் அம்முள் தசையைக் கிழிக்காமல் வெளிவரும். கெளுத்தியின் முதுகிலும் பக்கங்களிலும் உள்ள முட்களுக்கோ இத்தகைய பரிகாரம் இல்லை. அவை தைத்தால் கடுக்கும். பொறுக்கும் அளவு சூடான நீரில் கையை அமிழ்த்தினால் நோவு தணியும்.

குண்டு ஈயமாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. இங்கிலாந்தில், தூண்டிற்காரர் சிந்திய ஈயக் குண்டுகளை இரையோடு விழுங்கிய அன்னங்கள் நஞ்சேறி மடிந்தன. 1987-ஆம் ஆண்டு முதல் அங்குச் சிறு ஈயக் குண்டுகளின் விற்பனை தடுக்கப்பட்டது. பழவேற்காட்டின் ஆழமற்ற நீரிலும் பூநாரைகள் சேற்றைத் துழாவி இரை தேடுகின்றன. சுட்ட களிமண் உருண்டையும் துளையுள்ள கல்லும் தொன்றுதொட்டு வலைகளுக்குக் குண்டாக உதவியவையே.

முன்பு வலையும் தூண்டிற்கயிறும் பருத்தியால் ஆனவை. மரப்பட்டைச் சாற்றில் தோய்த்துக் காத்தாலும் சில பருவங்களில் அவை மக்கிப்போகும். அதனை மீனவர் பெருங்குறையாகவே கருதினர். நைலான் வந்தபின் அக்குறை நீங்கிற்று. ஆயின் நீரில் விடுபட்ட நைலான் ஆண்டுக்கணக்காக மக்காமல் கிடந்து, எடுப்பார் இல்லாத மீனையும் நண்டையும் பிடித்துக்கொண்டே இருக்கின்றது. பருத்தி மக்கியது ஒருவகையில் நன்மையே போலும்!

ஆதலின் அறுந்த துண்டு ஒரு முழமே ஆயினும், அதனைத் தூண்டிற்காரன் கரையில் எறிதல் ஆகாது. பொழுது சாய்ந்ததும் நரம்பைச் சிறு கட்டையில் சுற்றி, முள்ளின் முனையைத் தக்கையில் குத்தி, முட்களை எண்ணிப் பார்த்து எடுத்துச் செல்லல் வேண்டும். மறுநாட் காலையில், பறியைப் பல்லால் கவ்வியவர்கள் அதே சேற்றை வெறுங்கையால் தடவிக்கொண்டு வருவார்கள்.