வேலை முடிந்தது என எப்போது டிக் செய்யலாம்?

புதிய கம்ப்யூட்டர் வாங்கியவுடன் செய்ய வேண்டிய வேலைகள் பல இருக்கும். பழைய பைல்களை மாற்ற வேண்டும். பிரிண்டரை இணைக்க வேண்டும். தமிழில் டைப் செய்ய வசதி அமைக்க வேண்டும். இவற்றைப் பட்டியலாக எழுதி, முடிந்தவற்றை டிக் செய்து வருவது நல்ல பழக்கம். ஆனால் அந்த டிக்கை எப்போது போடுவது? சாப்ட்வேர் தயாரிப்பவர்கள் இதற்கெனச் சில பழக்கங்களை வைத்துள்ளனர். அவை நம் வீட்டிற்கும் பொருந்தும்.

உப்பளத்தில் விழுந்த ஒரு டிக்

புதுச்சேரி உப்பளத்தில் என் அக்கா வீட்டில் நடந்தது இது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் வழங்கி வந்த வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ல் முடிந்ததால், புதிய கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அக்கா மகன் வேலைப் பட்டியல் எழுதி பீரோ கதவில் ஒட்டினான். "போட்டோக்களை மாற்றுவது" என்ற வரிக்கு அன்று மாலையே டிக் விழுந்தது. டெஸ்க்டாப்பில் "தாத்தா" என்றிருந்த ஐகானை பென் டிரைவில் காப்பி செய்து, புதிய கம்ப்யூட்டரில் ஒட்டியிருந்தான். அடுத்த வரி, பழைய ஹார்ட் டிஸ்க்கை பார்மட் செய்வது.

"இருடா, அப்பா படத்தை ஒரு தடவை பார்த்துக்கிறேன்" என்றார் அக்கா. டபுள் கிளிக் செய்தால் படம் வரவில்லை. பிழைச் செய்திதான் வந்தது. அவன் காப்பி செய்தது போல்டரை அல்ல, அதன் ஷார்ட்கட்டை! ஐகானின் இடது கீழ் மூலையில் சிறிய அம்புக்குறி இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. எங்கள் அப்பாவின் கடைசி சில ஆண்டுப் படங்கள் அந்த ஒரு போல்டரில்தான் இருந்தன. பழைய டிஸ்க்கை இன்னும் அழிக்காததால் தப்பித்தோம்.

அஜைல் என்பது என்ன?

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற இடத்தில் 17 சாப்ட்வேர் வல்லுநர்கள் கூடி, அஜைல் என்னும் வேலை முறைக்கான கொள்கைகளை வகுத்தனர். பெரிய வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இயங்கும் நிலையில் முடித்துக் காட்ட வேண்டும் என்பது இதன் அடிப்படை. பல குழுக்கள் ஒவ்வொரு துண்டையும் ஒரு கார்டாக எழுதுகின்றன. அது "செய்ய வேண்டியவை", "நடப்பவை", "முடிந்தவை" என்ற மூன்று வரிசைகளில் நகரும்.

இம்முறையில் புகழ்பெற்ற ஸ்க்ரம் என்ற வகையில், எது முடிந்தால் "முடிந்தது" என்று சொல்லலாம் என்பதை வரையறுத்து வைக்கிறார்கள். அதை எட்டாத வேலை, 90 சதவீதம் முடிந்திருந்தாலும் கணக்கில் சேராது. மீண்டும் பட்டியலுக்கே திரும்பிவிடும்.

சரி செய்வது வேறு, சரி பார்ப்பது வேறு

பயர்பாக்ஸ் பிரவுசரை உருவாக்கும் மொஸில்லா திட்டத்தினர், 1998 முதல் பக்ஸில்லா என்ற புரோகிராமில் பிழைகளைப் பதிந்து வருகின்றனர். இதில் ஒரு பிழையைச் சரி செய்தவுடன் அது "ரிசால்வ்டு" நிலைக்குச் செல்லும். சரி செய்தது உண்மையில் இயங்குகிறதா எனச் சோதித்த பிறகே "வெரிஃபைடு" நிலைக்கு மாறும். காரணத்தையும் குறிக்க வேண்டும்: சரி செய்யப்பட்டது, ஏற்கனவே பதிவானது, செய்யப் போவதில்லை எனப் பல வகைகள் உண்டு. செய்யாமல் விட்டதைச் செய்து முடித்ததாகக் காட்ட வழியில்லை.

நம் ஊரிலும் இத்தகைய புரோகிராம் உருவாகியுள்ளது. 1996ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009ல் பெயர் மாறிய சென்னையின் ஜோஹோ நிறுவனம், ஜோஹோ ஸ்பிரின்ட்ஸ் என்ற புரோகிராமைத் தருகிறது. ஸ்பிரின்ட் என்பது சில வாரங்கள் கொண்ட வேலைச் சுற்று. சுற்றை முடிக்கும்போது, முடியாத வேலைகளைப் பொதுப் பட்டியலுக்கோ அடுத்த சுற்றுக்கோ மாற்றலாம். அவை காணாமல் போவதில்லை.

வீட்டில் எப்படிப் பின்பற்றுவது?

இதற்குத் தனி புரோகிராம் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமோ எக்ஸெல் ஒர்க் ஷீட்டோ போதும்.

1. வேலைக்குப் பக்கத்தில், முடிந்ததற்கான அடையாளத்தையும் எழுதுங்கள். "போட்டோ மாற்றுவது" என்று மட்டும் எழுதாமல், "பென் டிரைவைக் கழற்றிய பின்னும், புதிய கம்ப்யூட்டரில் படங்கள் திறக்க வேண்டும்" எனக் குறிப்பிடுங்கள்.

2. பைல்களை மாற்றிய பின், இரு கம்ப்யூட்டரிலும் போல்டர் மீது ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுங்கள். பைல்களின் எண்ணிக்கையும் அளவும் ஒத்துப் போகின்றனவா எனப் பாருங்கள். ஷார்ட்கட் என்றால் அளவு ஓரிரு கேபி தான் இருக்கும்.

3. செய்தவர் ஒரு டிக் போடட்டும். அதைப் பயன்படுத்தப் போகிறவர் சோதித்துவிட்டு இரண்டாவது டிக் போடட்டும். இரண்டும் விழுந்தால்தான் வேலை முடிந்தது.

4. முடிந்த வரியை அழிக்காமல், தேதியிட்டு வையுங்கள். பிரிண்டர் மீண்டும் மக்கர் செய்தால், முன்பு என்ன செய்தோம் என்பதை அதில் பார்க்கலாம். மீண்டும் திறக்க வேண்டிய வேலையைத் தயங்காமல் திறந்திடுங்கள்.

5. பார்மட் செய்வது, டெலீட் செய்வது போன்ற திரும்பப் பெற முடியாத வேலைகளை எப்போதும் கடைசியில் வையுங்கள். மற்ற வரிகளில் இரண்டு டிக் விழும் வரை அவற்றைத் தொட வேண்டாம்.

அக்கா வீட்டுப் பட்டியலில் இப்போது டிக் போட இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. இரண்டாவது கட்டம் அக்காவுடையது. உங்கள் வீட்டுப் பட்டியலில் அது யாருடையது என்பதை இன்றே முடிவு செய்திடுங்கள்.