ரீபாண்டிங்குக்கு அப்புறம்: காய்ந்த முடிக்கு ஒரு பாடம்



தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே நம் ஞாயிறு வகுப்புத் தங்கைகள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். "அக்கா, நீங்க கெமிக்கல் எஞ்சினியரிங்தானே படிக்கிறீங்க, ரீபாண்டிங் செஞ்சா முடி கெட்டுப் போகுமா?" தீபாவளி முடிந்து இரண்டு மாதம் கழித்துக் கேள்வி மாறிவிடும். "அக்கா, முடி வைக்கோல் மாதிரி ஆயிடுச்சு, என்ன போடலாம்?" முடிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் கிடைத்துவிடும். தம்பிகளும் படியுங்கள். முடிக்குச் சாயம் அடிப்பதிலும் பெர்ம் போடுவதிலும் இப்போது நீங்கள் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை.

முதலில் ஒரு கசப்பான செய்தி. தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் கிடையாது. கையில் பட்ட வெட்டு ஒரு வாரத்தில் ஆறிவிடும், ஏனென்றால் அங்கே ரத்தம் ஓடுகிறது, செல்கள் பிறக்கின்றன. முடியில் அது நடக்காது. ஆகவே பாட்டிலில் "ரிப்பேர்" என்று எத்தனை பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும், பிளந்த நுனி திரும்ப ஒட்டி நிரந்தரமாக ஒன்றாகிவிடாது. நம்மால் முடிந்தது மூன்றுதான்: இருப்பதை மேலும் கெடாமல் காப்பது, மேலே ஒரு பூச்சு கொடுத்து வழவழப்பாக்குவது, புது முடி வளரும் வரை காத்திருப்பது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்கிறது. 40 செ.மீ. கூந்தல் உள்ளவரின் நுனிமுடி மூன்று வருடத்துக்கு முன் பிறந்தது. மூன்று வருட வெயில், சீப்பு, ஹெல்மெட், ஹேர் ட்ரையர் எல்லாம் அதன்மேல்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அதனால்தான் வேர்ப்பக்கம் பளபளக்கும், நுனி மட்டும் சுணங்கிக் கிடக்கும்.

அத்தாப்பும் கயிறும்

தாத்தா பாட்டி காலத்து அத்தாப்புக் கூரையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஓலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கீழ்நோக்கி இருக்கும், மழைத் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். முடியின் வெளிப்புறமும் அப்படித்தான். மெல்லிய செதில்கள் ஐந்து முதல் பத்து அடுக்காக நுனியை நோக்கிப் படிந்திருக்கின்றன. அதன் மேற்பரப்பில் மிக மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று இருக்கிறது, அது தண்ணீரைத் தள்ளும். உள்ளே கெரட்டின் என்னும் புரதம் கயிறு போல முறுக்கி முறுக்கிக் கட்டப்பட்டிருக்கிறது.

இந்தக் கயிற்றின் இழைகளைப் பிடித்து வைத்திருப்பவற்றில் இரண்டு பிணைப்புகளை மட்டும் நினைவில் வைத்தால் போதும். ஒன்று ஹைட்ரஜன் பிணைப்பு. பலவீனமானது, ஆனால் எண்ணிக்கையில் ஏராளம். தண்ணீர் பட்டால் விடும், காய்ந்தால் திரும்பப் பிடிக்கும். ராத்திரி ஈரத்தலையோடு படுத்தால் காலையில் முடி கோணல்மாணலாக நிற்பது இதனால்தான். இன்னொன்று கந்தகப் பிணைப்பு. இது பலமானது. தண்ணீருக்கோ சீப்புக்கோ அசையாது. உங்கள் முடி சுருட்டையாகவோ நேராகவோ நிலைத்திருப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஃபிரிஸ் என்று நாம் சொல்கிறோமே, முடி பரட்டையாகப் பறப்பது, அதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். காற்றில் உள்ள ஈரம் முடிக்குள் நுழைகிறது, ஹைட்ரஜன் பிணைப்புகள் இடம் மாறுகின்றன, ஒவ்வொரு முடியும் தன் இஷ்டத்துக்கு வளைகிறது. மேலிருந்த கொழுப்புப் படலமும் செதில்களும் கெட்டுப்போன முடியில் இது இன்னும் வேகமாக நடக்கும். நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் சாதாரணமாகவே 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. ஆக, கோலாலம்பூரில் பரட்டை முடி வைத்திருப்பவர் முடியைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாதவர் என்று பொருள் இல்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. 1783ஆம் ஆண்டு, ஜெனீவாவைச் சேர்ந்த சொஸ்யூர் என்ற அறிஞர், ஈரம் ஏறினால் முடி நீள்கிறது என்பதை வைத்தே ஈரப்பதம் அளக்கும் கருவியைப் பற்றி எழுதினார். முழுதும் காய்ந்த நிலையிலிருந்து முழுதும் ஈரமான நிலைக்குப் போகும்போது முடி 2 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாக நீள்கிறது. அந்தச் சிறு நீட்டத்தை முள்ளோடு இணைத்தால் கருவி தயார். பள்ளியில் உங்களை "மேகி மீ" என்று கிண்டல் செய்தவனிடம் போய்ச் சொல்லுங்கள், உங்கள் தலையில் இருப்பது வானிலை ஆய்வுக் கருவி என்று.

ரீபாண்டிங்கில் உண்மையில் நடப்பது

ரீபாண்டிங் க்ரீமில் இருப்பது பெரும்பாலும் அமோனியம் தையோகிளைக்கொலேட். அதன் பிஎச் 9க்கு மேல், அதாவது காரம். அந்தக் காரத்தில் முடி வீங்கும், செதில்கள் திறக்கும், மருந்து உள்ளே போய்க் கந்தகப் பிணைப்புகளில் ஒரு பகுதியை உடைக்கும். பிறகு அலசிக் காயவைத்து, சூடான தட்டால் முடியை நேராக இழுக்கிறார்கள். கடைசியாக ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற மருந்தைப் பூசி, பிணைப்புகளைப் புதிய இடத்தில் மீண்டும் பூட்டுகிறார்கள். பெயரிலேயே கதை இருக்கிறது: பிணைப்பை உடைத்து மறுபடி பிணைப்பது.

சிக்கல் என்னவென்றால், உடைந்த பிணைப்புகள் அத்தனையும் திரும்பச் சேர்வதில்லை. ஒரு பகுதி ஆக்சிஜனேற்றத்தில் வேறு அமிலமாக மாறிவிடும். அதற்கு மீட்பே கிடையாது. நல்ல முடியில் ஒருமுறை செய்தால் தாங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேரிலிருந்து நுனிவரை செய்தால் நுனிக்குக் கணக்கு ஏறிக்கொண்டே போகும். ஏற்கெனவே ப்ளீச் செய்த முடி என்றால் கேட்கவே வேண்டாம். என் ஹாஸ்டல் தோழி ஒருத்திக்குச் செம்பட்டைச் சாயம் போட ப்ளீச் செய்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு சாலூனில் "ஒன்னும் ஆகாது" என்று சொல்லி, சோதனைகூடப் பார்க்காமல் ரீபாண்டிங் போட்டார்கள். அலசும்போதே முடி ரப்பர் போல நீண்டு அறுந்தது. காதுக்குக் கீழே இருந்ததெல்லாம் போயிற்று. கொடுத்தது 300 ரிங்கிட்டுக்கு மேல். அவள் அழுதது முடிக்காக மட்டும் இல்லை, அடுத்த வாரம் இண்டர்ன்ஷிப் நேர்முகம் இருந்தது.

ரப்பர் போல நீள்கிறது என்றேனே, அதுவே ஒரு சோதனை. உதிர்ந்த முடி ஒன்றைத் தண்ணீரில் நனைத்து, இரு விரலால் மெதுவாக இழுங்கள். கொஞ்சம் நீண்டு, விட்டால் திரும்பினால் பரவாயில்லை. நீண்டுகொண்டே போய்த் திரும்பாமல் நின்றாலோ உடனே அறுந்தாலோ, அந்தத் தலையில் எந்த ரசாயனமும் படக்கூடாது. யார் என்ன தள்ளுபடி கொடுத்தாலும் சரி.

இன்னொன்று, மருதாணி. தனி மருதாணி இலைப்பொடியால் இந்த ஆபத்து இல்லை. ஆனால் கடையில் விற்கும் சில "கறுப்பு மருதாணி" பொடிகளில் உலோக உப்பு கலந்திருக்கும். அதன்மேல் பெராக்சைடு பட்டால் முடி சூடேறிப் பாழாகும். சாலூனில் உட்காரும் முன், பாட்டி போட்டுவிட்ட பொடியையும் சேர்த்து எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

"கெரட்டின் ட்ரீட்மெண்ட்" என்ற பெயரில் வருவதைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். பெயர்தான் கெரட்டின். முடியை நேராக்குவது அதிலுள்ள வேறு பொருள். சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு, அல்லது சூடுபட்டால் அதை வெளிவிடும் பொருள் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. தட்டு வைக்கும்போது கண் எரிந்து தொண்டை கரகரத்தால் எழுந்து வெளியே வாருங்கள், பாதி வேலையில் நிற்கிறதே என்று பார்க்காதீர்கள். நமக்கு வருடத்தில் ஒருநாள், அங்கே வேலை செய்யும் அக்காவுக்கோ தினமும் அந்தப் புகை. "ஃபார்மால்டிஹைடு இல்லை" என்று எழுதியவற்றில் சில கிளையாக்சிலிக் அமிலம் கொண்டவை. அதுவும் அப்பாவி இல்லை. அந்த அமிலம் கலந்த க்ரீமால் முடியை நேராக்கிய பெண் ஒருவருக்கு, ஒவ்வொரு முறை செய்த பின்னும், மொத்தம் மூன்று முறை சிறுநீரகம் பாதிக்கப்பட்ட செய்தி 2024இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது.

மலேசியாவில் விற்கும் அழகுப் பொருள் எதுவானாலும் என்பிஆர்ஏ எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் அறிவிப்பு எண் என்ஓடி என்று தொடங்கி கே என்று முடியும். அவர்களின் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். எண் இருப்பதாலேயே அரசாங்கம் சோதித்துச் சான்று கொடுத்துவிட்டது என்று ஆகாது. ஆனால் எண்ணே இல்லாத, லேபிள் கிழிந்த டப்பாவை உங்கள் தலையில் கொட்ட யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள்.

கெட்டுப்போன பிறகு

சரி, நடந்தது நடந்துவிட்டது. இனி என்ன செய்யலாம்?

பாட்டி சொன்ன தேங்காய் எண்ணெயிலிருந்து தொடங்குவோம். இதில் பாட்டி ஜெயித்துவிட்டார். இந்தியாவில் ரேலே, மொஹிலே என்ற இருவர் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் ஆய்வு வெளியிட்டார்கள். முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது, ஆகவே முடிக்குள் நுழைய முடிகிறது. உள்ளே இருப்பதால் தண்ணீர் புகுந்து முடி வீங்குவது குறைகிறது. ஆனால் பாட்டி சொல்லாத ஒரு நுணுக்கம்: எண்ணெயைத் தலை குளிப்பதற்கு முன் வைக்க வேண்டும், முடிந்தால் முந்திய இரவே. நீளத்துக்கும் நுனிக்கும்தான் அதிகம் தேவை. மண்டையில் வழிய வழிய ஊற்றி, அதைப் போக்க ஷாம்பூவை மூன்று முறை தேய்த்தால் வந்த லாபமும் போய்விடும். பொடுகு உள்ளவர்கள் மண்டையில் எண்ணெயைக் குறையுங்கள்.

ஷாம்பூ மண்டைக்கு, கண்டிஷனர் முடிக்கு. இந்த ஒரு வரியைப் பின்பற்றினாலே பாதி வேலை முடிந்தது. கண்டிஷனர் வெறும் வாசனை க்ரீம் இல்லை. கெட்டுப்போன முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் அதிகம். கண்டிஷனரின் முக்கியப் பொருள் நேர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒட்டிக்கொள்ளும், அதிலும் எங்கே அதிகம் கெட்டிருக்கிறதோ அங்கேதான் அதிகமாக ஒட்டும். லேபிளில் பெஹெண்ட்ரிமோனியம், செட்ரிமோனியம் போன்ற பெயர்களையோ, டைமெத்திகோன் என்ற சிலிகோனையோ பார்த்தால் பயப்பட வேண்டாம், வழவழப்பு கொடுப்பவை அவைதான். பார்மசியில் 20 ரிங்கிட்டுக்குள் கிடைப்பதே போதும். தலை குளிக்கும் ஒவ்வொரு முறையும் போடுங்கள்.

சீயக்காய் நல்லதா என்று கேட்பீர்கள். சோப்புக் கட்டியைவிட எவ்வளவோ மேல், ஏனென்றால் சோப்பு காரம். ஆனால் சொரசொரத்துப்போன முடியில் பொடியைப் போட்டுப் பரபரவென்று தேய்த்தால் அந்த உராய்வே செதிலைப் பெயர்க்கும். வடிகட்டிய சாறாகப் பயன்படுத்துங்கள். செம்பருத்தி இலை, ஊறவைத்த வெந்தயம் இவற்றின் வழுவழுப்பு முடியின்மேல் படிந்து சிக்கலைக் குறைக்கும். உள்ளே போய்ப் பிணைப்பைக் கட்டாது, ஆனால் கெடுதலும் இல்லை. பேக்கிங் சோடா வேண்டவே வேண்டாம். எலுமிச்சைச் சாறு நேராக ஊற்றுவதும் வேண்டாம், அதன் பிஎச் 2ஐ ஒட்டியது, புண்பட்ட மண்டையில் பட்டால் எரிந்துவிடும்.

நம் பெண்கள் செய்யும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை தலை குளித்து, கோவிலுக்கு நேரமாகிறதென்று ஈரத்தோடு இறுக்கிப் பின்னி, மேலே மல்லிகைச் சரமும் வைப்பது. நனைந்த முடிதான் மிகவும் பலவீனமான முடி. அதை இறுக்கி இழுத்து, பல மணி நேரம் காயாமல் வைத்தால் எந்த எண்ணெயும் காப்பாற்றாது. ஒரு மணி நேரம் முன்னதாகக் குளியுங்கள், பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். சிக்கை கண்டிஷனர் போட்ட நிலையில் அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிப் படிப்படியாக எடுங்கள். தட்டு வைத்தே ஆக வேண்டுமென்றால் முடி முழுதும் காய்ந்திருக்க வேண்டும், 180 பாகைக்கு மேல் போகக்கூடாது. ஈர முடியில் தட்டு வைத்தால் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகிக் குமிழியாக வெடிக்கும். அந்த "ஸ்ஸ்" சத்தம் அதுதான்.

மல்லிகை என்றதும் நக்கீரர் நினைவுக்கு வருகிறார். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று சிவபெருமானோடே வாதாடியவர். கெரட்டினுக்கு என்று தனி மணம் இல்லை, மணமெல்லாம் மண்டை எண்ணெயும் வியர்வையும் பூவும்தான். வேதியியல் அவர் பக்கம். நெற்றிக்கண் விஷயத்தில் நான் தலையிட மாட்டேன்.

தைப்பூசத்துக்கு பத்துமலையில் மொட்டை போட்டால் முடி நன்றாக வருமாமே என்றும் கேட்கிறார்கள். ரசாயனம் கெடுத்தது வெளியே இருந்த முடியைத்தான், வேரை இல்லை. எனவே புதிதாக வருவது கெடாத முடியாகவே வரும். மழித்ததால் அடர்த்தி கூடாது, வளரும் முடியின் நுனி மழுங்கியிருப்பதால் அப்படித் தோன்றுகிறது. முடிக் காணிக்கை முருகனுக்காகப் போடுவது. முடி சிகிச்சைக்குக் கத்தரிக்கோல் போதும். எட்டு பத்து வாரத்துக்கு ஒருமுறை 2 செ.மீ. வெட்டிக்கொண்டே வந்தால் கெட்ட பகுதி மெல்ல மெல்லக் கழிந்துவிடும்.

மண்டையில் கொப்புளம், சீழ், வட்டவட்டமாக வழுக்கை, வேரோடு கைநிறைய உதிர்வது, இவற்றில் எது இருந்தாலும் மேலே சொன்ன எதுவும் உங்களுக்கு இல்லை. வேர் பாதிக்கப்பட்டிருக்கலாம். கிளினிக்கில் காட்டி, தோல் மருத்துவரிடம் கடிதம் கேட்டு வாங்குங்கள். எந்த சாலூனில், எந்த நாளில், எந்த மருந்து போட்டீர்கள் என்பதை எழுதி, டப்பாவின் படம் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.