ஒப்பந்தக்காரரின் செலவுக் கணக்கும் வருமான வரியும்

2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்திலும் அதன் பின்னர் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கிய நாகலாபுரம், தமிழ்நாட்டு எல்லைக்கு அண்மையிலுள்ள ஊர். இத்தகைய வட்டாரங்களில் ஊராட்சிச் சாலை, பள்ளிக் கட்டடம், ஏரிக்கரை, மதகு போன்ற அரசுப் பணிகளில் பலவற்றைச் செய்து முடிப்போர் சிறு ஒப்பந்தக்காரர்களே. ஜல்லியும் மணலும் லாரியில் வந்து இறங்கும். கொத்தனாரையும் சித்தாளையும் மேஸ்திரி அழைத்து வருவார். வார இறுதியில் கூலி ரொக்கமாகக் கைமாறும். பின்னர் வேலை அளவுப் புத்தகத்தில் பதிவாகி, பில் தொகை வங்கிக் கணக்கில் வந்து சேரும். வரவு முழுவதும் எழுத்தில் இருக்கிறது. செலவில் ஒரு பகுதி வாய்மொழியில் நிற்கிறது. வருமான வரித் தகராறு தோன்றும் இடம் இதுவே.

2026 ஏப்ரல் 1-க்கு முற்பட்ட வருமானத்துக்கு 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமே பொருந்தும்; அதற்குப் பிற்பட்ட வருமானத்துக்கு 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம். புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியுள்ளன. தகராறுகள் பெரும்பாலும் பழைய ஆண்டுகளைப் பற்றியே எழுவதால், இங்கே பழைய எண்களே தரப்படுகின்றன.

அடிப்படை விதி 37(1)-ஆம் பிரிவில் உள்ளது. மூலதனச் செலவாகவோ சொந்தச் செலவாகவோ இல்லாமல், முழுவதும் தொழிலுக்கென்றே செய்யப்பட்ட செலவை இலாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அதனை மெய்ப்பிக்கும் பொறுப்பு ஒப்பந்தக்காரருடையது. சட்டம் தடை செய்த காரியத்துக்கான செலவு இதில் சேராது. பில் நகர்வதற்காகக் கொடுத்த 'மாமூல்' எந்தத் தலைப்பில் எழுதப்பட்டாலும் கழிவுக்கு உரியதன்று.

ஆயினும், உண்மையாகவே செலவானது என்று அதிகாரி ஒப்புக்கொண்ட பின்னரும் கழிவு மறுக்கப்படும் இனங்கள் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. அவற்றுள் ஒன்று ரொக்கப் பட்டுவாடா. 1968-இல் சேர்க்கப்பட்ட 40அ(3) பிரிவின்படி, ஒரே நபருக்கு ஒரே நாளில் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு முழுவதும் தள்ளுபடியாகும். 2017-18 முதல் இவ்வரம்பு 10,000 ரூபாய்; சரக்கு வாகன வாடகைக்கு மட்டும் 35,000 ரூபாய். ஜல்லியைத் தாமே விற்கும் லாரிக்காரருக்கு முதல் வரம்பு. பிறர் சரக்கை ஏற்றிவந்து வாடகை மட்டும் பெறுபவருக்கு இரண்டாம் வரம்பு. ரசீதில் 'ஜல்லி ஒரு லோடு' என்று மட்டும் எழுதியிருந்தால் எது பொருந்தும் என்பதே வழக்காகிவிடும். இப்பிரிவு செல்லத்தக்கதே என்று 1991-இல் அத்தர் சிங் குர்முக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வங்கியே இல்லாத ஊரில், அவ்வூர்வாசிக்குக் கொடுத்த தொகைக்கு விதிகளில் விலக்கு உண்டு. வங்கிக் கிளை உள்ள ஊரில் அதற்கு இடமில்லை.

இதனினும் பெரிய இடர் 40(அ)(ia) பிரிவில் உள்ளது. துணை ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் தொகையில், தனிநபர் எனில் 1 சதவீதம், நிறுவனம் எனில் 2 சதவீதம் வரி பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும் என்பது 194சி பிரிவு. முந்திய ஆண்டில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் வரவு பெற்ற தனிநபர் ஒப்பந்தக்காரருக்கும் இக்கடமை உண்டு. ஒரு தடவை 30,000 ரூபாய்க்கோ ஆண்டு மொத்தத்தில் ஒரு இலட்சத்துக்கோ மேற்பட்டால் பிடித்தம் கட்டாயம். தவறினால், 2004-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி செலவு முழுவதும் மறுக்கப்பட்டது. 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னர் அதில் 30 சதவீதம் மறுக்கப்படுகிறது.

இதன் கடுமையை ஒரு கற்பனைக் கணக்கால் காணலாம். ஒருவரின் ஆண்டு வரவு 1 கோடியே 50 இலட்சம். உண்மை இலாபம் 9 இலட்சம். மேஸ்திரி ஒருவருக்கு 30 இலட்சம் கொடுத்தார். அதில் பிடிக்க வேண்டிய வரி 30,000 ரூபாய்தான். பிடிக்கவில்லை. 30 இலட்சத்தில் 30 சதவீதமாகிய 9 இலட்சம் வருமானத்துடன் கூட்டப்படும். ஜல்லிக்கு நாளொன்றுக்கு 12,000 வீதம் 50 நாள் ரொக்கமாகக் கொடுத்த 6 இலட்சமும் கூடும். கையில் கண்ட இலாபம் 9 இலட்சம். வரி விதிக்கப்படுவது 24 இலட்சத்துக்கு.

மேஸ்திரி துணை ஒப்பந்தக்காரரா, கூலியைப் பெற்றுப் பகிர்ந்தளிப்பவர் மட்டுமா என்பதே இங்கு உயிர்நிலையான கேள்வி. ஆட்களின் பெயர், நாள், கூலி, கையொப்பம் அல்லது கைரேகை அடங்கிய மஸ்டர் ரோல் இருந்தால், அது நேரடிக் கூலியே என்று வாதிட இடமுண்டு. 'மேஸ்திரிக்கு ரூ. 80,000' என்ற ஒற்றை வரிப் பதிவு அந்த வாதத்தைக் கெடுத்துவிடும். எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லையே என்பதும் காப்பாற்றாது. சிமெண்ட் ஏற்றிச் செல்ல வெளியார் லாரிகளை அமர்த்திய ஸ்ரீ சௌத்ரி டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தின் வழக்கில் (2020), ஏறத்தாழ 57 இலட்ச ரூபாய்ச் செலவு மறுக்கப்பட்டது சரியே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் பணம் பெற்றவர் தம் கணக்கைத் தாக்கல் செய்து வரியைச் செலுத்தியதாகப் பட்டயக் கணக்காளரின் சான்று பெற்றால் இம்மறுப்பிலிருந்து தப்பலாம். பிந்தியேனும் வரியைப் பிடித்துச் செலுத்தினால், செலுத்திய ஆண்டில் கழிவு கிடைக்கும்.

2023-24 முதல் மற்றொரு விதியும் சேர்ந்துள்ளது. பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தி நிறுவனத்துக்கு, எடுத்துக்காட்டாக ஒரு கல் கிரஷருக்கு, 15 நாளில், எழுத்து ஒப்பந்தம் இருப்பின் அதிகபட்சம் 45 நாளில், பாக்கியைத் தீர்க்காவிடில் பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிவு. சிறு உற்பத்தியாளரைக் காக்கும் நோக்கம் நல்லதே. ஆனால் அரசு பில்லுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் ஒப்பந்தக்காரருக்கு இது இரட்டைச் சுமை என்பதை மறுப்பதற்கில்லை.

கணக்கே தள்ளப்பட்டால்

கணக்குப் புத்தகம் நம்பத்தக்கதன்று என்று கருதும் அதிகாரி, 145(3) பிரிவின்கீழ் அதனைத் தள்ளிவிட்டு, வரவில் ஒரு விகிதத்தை இலாபமாக மதிப்பிடலாம். அவ்வாறு செய்தபின், அதே கணக்கிலிருந்து தனித்தனிச் செலவுகளை மீண்டும் மறுப்பது முறையன்று என இந்த்வெல் கன்ஸ்ட்ரக்ஷன்ஸ் வழக்கில் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் 1998-இல் தீர்ப்பளித்தது. திருப்பதி வட்டாரத்தார் நினைவில் கொள்ளத்தக்க தீர்ப்பு இது. துறையே நிர்ணய விலையில் கொடுத்து வேலையில் பயன்படுத்தப்படும் சிமெண்ட், இரும்பு ஆகியவற்றின் மதிப்பில் ஒப்பந்தக்காரருக்கு இலாபம் இல்லை. அதனை வரவில் கூட்டி விகிதம் போடக் கூடாது என்று, இராணுவப் பொறியியல் துறையின் ஒப்பந்தக்காரரான பிரிஜ் பூஷண் லால் பர்துமன் குமார் நிறுவனத்தின் வழக்கில் 1978-இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

இத்தொல்லைகளைத் தவிர்க்கச் சட்டமே ஒரு வழி தருகிறது. 1994-இல் 44ஏடி பிரிவு தோன்றியதே கட்டட ஒப்பந்தக்காரர்களுக்காகத்தான்: அந்நாளில் 40 இலட்சம் வரையான வரவில் 8 சதவீதம் இலாபம். இப்பொழுது வரம்பு 2 கோடி. ரொக்க வரவு 5 சதவீதத்துக்கு மேற்படாவிடில் 3 கோடி. வங்கி வழி வரவுக்கு விகிதம் 6 சதவீதம். மேற்கூறிய கற்பனை ஒப்பந்தக்காரர் இதனைத் தேர்ந்திருந்தால் வருமானம் அதே 9 இலட்சம். மேஸ்திரிச் செலவும் ஜல்லிச் செலவும் கேள்விக்கு உள்ளாகா. எனினும், சேர்ந்தபின் ஐந்து ஆண்டுகளுக்குள் குறைந்த இலாபம் காட்டி விலகினால், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு இதனுள் திரும்ப இயலாது. மெய்யான இலாபம் 2 அல்லது 3 சதவீதமே தேறும் வேலைகளில் இவ்வழி நட்டமாகவும் முடியலாம்.

செலவை ஈடுகட்டப் போலிப் பில் வாங்குவது எல்லாவற்றினும் ஆபத்தானது. பொய்யான பதிவுக்கு அத்தொகைக்கு ஈடான அபராதம் விதிக்க 2020 முதல் தனிப் பிரிவு உள்ளது. தவறான தகவலால் குறைந்த வரிக்கு 200 சதவீத அபராதமும் விதிக்கலாம்.

மதிப்பீட்டு ஆணை பாதகமாக வந்தால், கேட்பு அறிவிக்கை கிடைத்த 30 நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். தகராறுக்குரிய வரியில் சாதாரணமாக ஒரு பகுதியைக் கட்டினால் மீதியின் வசூல் நிறுத்திவைக்கப்படும். மேல்முறையீட்டில் புதிய சான்றுகளைச் சேர்ப்பதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டியிருக்கும். ஆதலால் மஸ்டர் ரோல், லாரி எண்ணுடன் கூடிய சரக்குச் சீட்டு, அளவுப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றை மதிப்பீட்டு அதிகாரியின் முதல் அறிவிக்கைக்கான பதிலுடனேயே இணைத்து அனுப்புதல் வேண்டும்.