அவுரி நீலமும் கைத்தறி நூற்சாயமும்

நீலச் சாயம் தரும் செடிகளில் தென்னாட்டில் முதன்மையானது அவுரி. இதனை நீலி என்றும் வழங்குவர். பயறு வகுப்பைச் சேர்ந்த இச்செடியின் இலையிலேயே சாயப்பொருள் பெரும்பாலும் அடங்கியுள்ளது. தண்டில் உள்ளது மிகச் சொற்பம். விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்தைச் சுற்றியுள்ள சில ஊர்களில் இன்றும் அவுரி பயிராகி, நீலக்கட்டி செய்யப்படுகிறது. இயற்கைச் சாயத்தையே கையாளும் கைத்தறிக்காரர்கள் அதனை வாங்குகின்றனர். நிலத்தில் தொடங்கித் தறியில் முடியும் இத்தொழிலில் குடியானவர், சாயக்காரர், நெசவாளர் ஆகிய மூவருக்கும் பங்கு உண்டு. முதலாமவர் செய்யும் பிழைக்கு மற்ற இருவரும் நஷ்டம் அடைவர். ஆகவே நெசவைப் பற்றிய சில விஷயங்களைக் குடியானவரும் அறிந்திருத்தல் அவசியம்.

1897-இல் ஜெர்மனியில் செய்யப்பட்ட ரசாயன நீலம் விற்பனைக்கு வந்தது முதல் அவுரிச் சாகுபடி வேகமாகக் குன்றிற்று. 1914-இல் முதல் உலக யுத்தம் மூண்டு அச்சாயத்தின் வரத்து நின்றபொழுது சிறிது தலையெடுத்து, யுத்தம் ஓய்ந்தபின் மறுபடியும் தாழ்ந்தது. பீஹாரில் சம்பாரண் குடிகள், தம் நிலத்தில் இருபது கட்டாவுக்கு மூன்று கட்டா அவுரிக்கு ஒதுக்கும்படி நிர்ப்பந்திக்கப்பட்டிருந்தனர். 1917-இல் அங்கே நடந்த கிளர்ச்சியின் பயனாக 1918-இல் சட்டத்தால் அது ஒழிந்தது. இன்று யாரும் யாரையும் அவுரி விதைக்கும்படி கட்டாயப்படுத்துவதில்லை. லாபம் கிட்டுமா என்று கணக்குப் பார்த்தே விதைக்கலாம்.

தண்ணீர் தேங்காத நிலமே ஏற்றது. விதையின் தோல் மிகக் கடினமாதலால், பருமணலுடன் சேர்த்துத் தேய்த்து விதைத்தால் முளைப்பு ஒரே சீராக இருக்கும். மூன்று, நான்கு மாதங்களில் பூ எடுக்கும் தறுவாயில் முதல் அறுப்புச் செய்யலாம். பூத்துக் காய்க்க விட்டால் இலை உதிர்ந்து சாயமும் குறையும். அடியில் ஒரு சாண் கட்டை விட்டு அறுத்தால் மறுதாம்பு தழைத்து இரண்டாம் அறுப்புக்கு வரும்.

பச்சையிலை முறையில், அறுத்த தழையை அன்றே தொட்டியில் இட வேண்டும்; குவியலாகக் கிடந்து சூடேறினால் சாயம் கெடும். பழைய சென்னை மாகாணத்தில் இலையை உலர்த்தி வைத்து ஊறவிடும் முறையும் இருந்தது. அது வேறு வழி. தழையை மேல் தொட்டியில் நெருக்கமாக அடுக்கி, மிதவாதபடி மரச்சட்டங்களால் அழுத்தி, முழுவதும் மூழ்கத் தண்ணீர் விடுவர். இலையில் நிறமற்றிருக்கும் பொருள், இலையிலேயே உள்ள நொதியால் பிளவுற்று நீரில் இறங்குகிறது. வெயிலின் உக்கிரத்திற்கேற்ப இதற்குப் பத்து முதல் பதினைந்து மணி நேரம் ஆகும். நீர் மஞ்சள் கலந்த பச்சையாகி நுரைக்கும் சமயத்தில் கீழ்த்தொட்டிக்குத் திறந்துவிட வேண்டும். தாமதித்தால் அழுகல் மிஞ்சி நீலம் மங்கும். கீழ்த்தொட்டியில் இரண்டு மூன்று மணி நேரம் இடைவிடாது அடித்துக் கலக்குவர். காற்றுப் பட்டவுடன் நிறமற்ற பொருள் நீலத் துகளாக மாறும். அடிப்பவர்கள் களைத்து முன்னதாகவே நிறுத்திவிடுவது பல இடங்களில் காணப்படும் குறை. தெளிந்த நீரோடு பாதி லாபமும் வாய்க்காலில் போய்விடும். நீலம் படிந்தபின் மேல்நீரை வடித்து, வண்டலைக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, அழுத்தி, கட்டிகளாக அறுத்து நிழலில் உலர்த்துவர்.

நூறு பங்கு பச்சைத் தழைக்குக் கிடைக்கும் நீலம் அரைப் பங்கிற்கும் குறைவே. இதனாலேயே எடை கூட்டும் ஆசையில் சிலர் களிமண்ணையோ மாவையோ கலக்கின்றனர். இதைச் சாயக்காரர் எளிதில் கண்டுகொள்வார். நல்ல கட்டி இலேசாக இருக்கும், தண்ணீரில் மிதக்கும், நகத்தால் தேய்த்த இடத்தில் செம்பு போல் மின்னும். மண் கலந்தது எரித்தால் சாம்பல் மிகுதியாய் நிற்கும். ஒருமுறை ஏமாந்தவர் அந்த ஊர்ப்பக்கமே மறுபடி வரமாட்டார். ஊறிக் கழிந்த தழையோ வயலுக்கு நல்ல எரு. அதனை வீணாக்குபவர் தமக்குக் கிடைக்கும் இரண்டாவது வரவை இழக்கிறார்.

நீலம் நீரில் கரையாது. ஆதலால் கட்டியை அரைத்துக் கரைத்த நீரில் நூலை நனைப்பதால் பயனில்லை. சாயக்காரர் மண்ணில் புதைத்த சாலில் நீலத்துடன் சுண்ணாம்பும், வேகவைத்த தகரை விதையும் சேர்த்துச் சில நாள் புளிக்க விடுகிறார். புளிப்பில் காற்றுச்சத்து நீங்கி நீலம் கரைந்து, நீர் மஞ்சட்பச்சையாகும். மேலே செம்பு நிற ஆடையும் நீல நுரையும் தோன்றும். சுண்ணாம்பு குறைந்தால் சால் அழுகி நாறும். மிஞ்சினால் புளிப்பு நின்றுவிடும். மணத்தையும் நாவில் படும் காரத்தையும் கொண்டே அளவை நிதானிக்கும் இவ்வித்தையைப் பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகன் கற்றான். கலப்பட நீலத்தைப் போட்டால் சாலின் அடியில் சேறு சேரும். எவ்வளவு நீலம் உள்ளதென்று அவருக்கு நிதானம் தெரியாமற்போகும். பல நாள் வளர்த்த சாலே வீணாகலாம்.

மெழுகுப்பசை போக வேகவைத்து அலசிய பருத்திச் சிட்டங்களைச் சாலில் தோய்த்து எடுக்கையில் அவை பச்சையாக வெளிவரும். பிழிந்து உதறியவுடன் கண்ணெதிரே நீலமாகும். தோய்க்குந்தோறும் நிறம் கூடும். ஒரே நீண்ட தோய்ப்பால் கருநீலம் பெற முயல்வது தவறு. மேலாக ஒட்டிய சாயம் உரசினால் உதிரும்.

நெசவாளர் சங்கடப்படுவது இவ்விடத்தில்தான். ஒரு பாவுக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே தவணையில் சாயமேற்றாவிடில், புடவையின் நடுவே நிறம் கோடிட்டுத் தெரியும். நெய்து முடிந்தபின் அதைத் திருத்த வழியில்லை. அத்தனை நாள் உழைப்பும் குறைந்த விலைக்கே போகும். நன்கு அலசாத நூலானால், கஞ்சி போடும்பொழுதே நீலம் கசிந்து பக்கத்து வெள்ளை இழையில் ஏறும். ஆகையால் கட்டம் போட்ட துணிக்கான நூலை, அலசுநீர் தெளிவாக வரும்வரை பலமுறை அலசி, நிழலில் உலர்த்தி, வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்த பின்னரே பாவு ஓட வேண்டும்.