நீண்ட சொல்லுக்குள் ஐந்து உயிரெழுத்துகள்

எட்டாம் வகுப்பின் ஆங்கிலச் சொல்வதெழுதுதல் ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ‘எஜுகேஷன்’ என்ற சொல்லைப் பலர் தவறாக எழுதியிருந்தனர். வழக்கம்போலச் சிவப்பு மையால் வட்டமிட்டு வந்த நான், எந்த எழுத்து விடுபடுகிறது என்று அன்று கவனித்தேன். பெரும்பாலும் யூ. மற்ற சொற்களிலும் மெய்யெழுத்துகள் ஏறக்குறையச் சரியாகவே இருந்தன. விடுபட்டவையும் இடம் மாறியவையும் அநேகமாக உயிரெழுத்துகள்தாம். இத்தனை ஆண்டுகளாகப் பிழைகளை எண்ணினேனே தவிர, அவற்றைப் படிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

யோசித்தபோது ஒரு காரணம் புலப்பட்டது. தமிழில் ‘கி’ என்று எழுதினால் மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே எழுத்தாகிவிடுகின்றன. ஆங்கிலத்திலோ உயிரெழுத்து தனியே நிற்கிறது. அதன் ஒலியும் சொல்லுக்குச் சொல் மாறுகிறது. ‘எஜுகேஷன்’ என்ற சொல்லில் யூ தனக்கு முன்னுள்ள எழுத்தோடு கலந்து ‘ஜு’ என ஒலிக்கிறது. காதால் கேட்டு எழுதும் மாணவருக்கு அங்கே யூ இருப்பதே தெரிவதில்லை. எனவே, கண்ணால் தேடவைக்கும் ஒரு விளையாட்டை முயன்றேன்.

முதல் நாள்

ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஆகிய ஐந்தையும் கரும்பலகையில் எழுதினேன். “இந்த ஐந்தும் உள்ள ஒரு சொல்லைக் கண்டுபிடியுங்கள். சொல் எவ்வளவு நீளமோ அவ்வளவு மதிப்பெண்” என்றேன். எப்போதும் கை தூக்கும் நால்வரே அன்றும் கை தூக்கினர். மற்றவர்கள் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டனர். ஒரு மாணவர் ‘கம்யூனிகேஷன்’ என்றதும் வகுப்பே கைதட்டியது. 13 எழுத்துகள்! ஒவ்வோர் எழுத்தாக அடித்துப் பார்த்தோம். நான்கு உயிரெழுத்துகள் கிடைத்தன, ஈ இல்லை. அந்த ஓர் எழுத்துக்காக, நால்வர் மட்டுமன்றி வகுப்பு முழுவதும் அந்தச் சொல்லை உற்றுப் பார்த்தது. நான் வேண்டியது இதைத்தான்.

மறுநாள் விதிகளை மாற்றினேன். நால்வர் கொண்ட குழு. பாடநூலைத் திறந்து தேடலாம். ஒவ்வோர் எழுத்தையும் அடித்துக் காட்ட வேண்டும். அந்தச் சொல்லை ஒரு வாக்கியத்தில் பயன்படுத்தினால்தான் மதிப்பெண்.

தேடும் வழி

நீண்ட சொற்கள் பெரும்பாலும் சிறிய சொற்களோடு முன்னொட்டும் பின்னொட்டும் சேர்ந்து உருவானவை. எனவே, தேடலை ஒட்டிலிருந்து தொடங்கச் சொன்னேன்.

‘ஐ-ஓ-என்’ என முடியும் சொல்லில் ஐ, ஓ இரண்டும் வந்துவிடுகின்றன. மீதமுள்ள ஏ, ஈ, யூ மூன்றும் முன்பகுதியில் உள்ளனவா என்று பார்த்தால் போதும். எஜுகேஷன் (9 எழுத்துகள்), ரெகுலேஷன் (10), பிரிகாஷன் (10), இவால்யுவேஷன் (10) ஆகியவை இவ்வழியில் கிடைத்தன. ‘ஓ-யூ-எஸ்’ என முடியும் சொல்லில் ஏ, ஈ, ஐ மூன்றையும் தேட வேண்டும். வரவு செலவுக் கணக்கில் நாம் எழுதும் ‘மிஸலேனியஸ்’ (13) அத்தகையது.

துணிவு என்று பொருள்படும் ‘கரேஜ்’ எங்கள் வகுப்பில் நெடுநேரம் பேசப்பட்டது. அதில் ஐ மட்டும் இல்லை. முன்னால் ‘டிஸ்’ சேர்த்தால் ஐ வருகிறது. டிஸ்கரேஜ், 10 எழுத்துகள். ‘என்கரேஜ்’ என்பதோடு ‘இங்’ சேரும்போது கடைசி ஈ மறைகிறது. ஆனால், முன்னொட்டில் ஓர் ஈ இருப்பதால் கவலையில்லை. என்கரேஜிங், 11 எழுத்துகள். இதைக் கண்டுபிடித்தவர், வாய்விட்டுப் படிக்கும்போது நீண்ட சொல் வந்தாலே நின்றுவிடும் ஒரு மாணவி. ‘இங்’ என்பதற்குப் பதிலாக ‘மென்ட்’ சேர்த்துப் பார்த்துவிட்டு, “டீச்சர், நீளம் கூடுது, ஆனா ஐ போயிடுதே!” என்றார். உடனே பக்கத்துக் குழு, ‘டிஸ்’ என்பதை முன்னால் போட்டு டிஸ்கரேஜ்மென்ட் என்ற 14 எழுத்துச் சொல்லைக் கொண்டுவந்தது.

காலிஃப்ளவர் (11) காய்கறிக் கடையிலிருந்து வந்தது. ‘சப்கான்டினென்டல்’ (14) நான் கொடுத்தது. துணைக்கண்டம் சார்ந்த என்று பொருள். அதில் ஐந்து உயிரெழுத்துகளும் ஒரே ஒருமுறை, அதுவும் யூ, ஓ, ஐ, ஈ, ஏ எனத் தலைகீழ் வரிசையில் வருகின்றன.

கவனிக்க வேண்டியவை

தொடக்க வகுப்புகளுக்கு மூன்று எழுத்துகள் போதும். ஏ, ஈ, ஆர் கொடுத்தால் வாட்டர், டீச்சர், வெதர் எனச் சொல்வார்கள். எந்த எழுத்துகளைக் கொடுப்பது என்பதற்கு ஸ்கிராபிள் விளையாட்டு வழிகாட்டும். அதை உருவாக்கிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், நாளிதழ்ப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தவர். ஆங்கில ஸ்கிராபிளின் 100 வில்லைகளில் ஈ மட்டும் 12; க்யூ, இசட் ஆகியவை ஒவ்வொன்றுதான். அரிய எழுத்தைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் குழந்தைகள் சோர்ந்துவிடுவர்.

‘பிஹேவியர்’, ‘ஃபேவரிட்’ ஆகியவற்றில் பிரிட்டிஷ் முறையில் யூ உண்டு. அமெரிக்க முறையில் இல்லை. கைப்பேசியில் பார்த்து வந்தவரோடு இதனால் வாக்குவாதம் வரலாம். இரண்டையும் எழுதிக் காட்டுங்கள்.

நீளமே குறிக்கோளாகிவிடக் கூடாது. நுரையீரல் நோய் ஒன்றின் பெயராக 45 எழுத்துச் சொல் ஆங்கில அகராதியில் இருக்கிறது. நீளத்திற்காகவே உருவாக்கப்பட்ட அது நம் மாணவர்களின் வாக்கியத்தில் வரப்போவதில்லை.

இந்த விளையாட்டால் பிழைகள் எல்லாம் நீங்கிவிட்டன என்று சொல்ல மாட்டேன். ஆனால், அந்த மாணவி இப்போது நீண்ட சொல்லைக் கண்டால் நிற்கிறார், விரலால் ஒட்டை மறைத்துப் பார்க்கிறார், பிறகு படிக்கிறார். நானும் ஏடு திருத்தும்போது விடுபட்ட எழுத்து எது என்று ஓரத்தில் குறித்துக்கொள்கிறேன். அடுத்த வாரம் எந்த எழுத்துகளைத் தேடச் சொல்வது என்பதை அந்தக் குறிப்புகளே முடிவு செய்கின்றன.