வாய் சொல்வதும் கை வாங்குவதும்



2016ஆம் ஆண்டு நோன்புக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், எனது பலசரக்குக் கடைக்கு வருபவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். "இம்முறை நோன்புக்கு எப்படிப்பட்ட பேரீச்சம்பழம் வேண்டும்?" ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலையே சொன்னார்கள். "நல்ல சாமானா எடுங்க நானா. வெல கொஞ்சம் கூடினாலும் பரவாயில்ல."

அந்த வார்த்தையை நம்பினேன். மச்சானிடம் கைமாற்றாக வாங்கிய பணத்தையும் போட்டு, பெரிய பழமாக, விலை கூடிய ரகத்தில் அறுபது பெட்டிகள் எடுத்தேன். நோன்பு வந்தது. வந்தவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். பாராட்டினார்கள். பக்கத்தில் இருந்த சாதாரண பழத்தில் அரைக் கிலோ பைக்கற்றை எடுத்துக்கொண்டு போனார்கள். பெருநாள் முடிந்தபோது இருபத்தெட்டுப் பெட்டிகள் மிச்சம். எடுத்த விலையிலும் குறைத்து விற்றேன். மச்சானின் கடனை அடைத்து முடிக்க மேலும் ஏழு மாதங்கள் சென்றன.

எனது மூத்த சகோதரியின் மகன் அப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விவசாயப் பொருளியலில் பட்டப்பின் படிப்பு படித்துக்கொண்டிருந்தார். மிச்சப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "மாமா, நீங்க வாயத்தான் கேட்டீங்க. கையப் பார்க்கல்ல." பின்னர் பழைய ஆய்வொன்றைப் பற்றி விளக்கினார். அதனையே இங்கு எழுதுகிறேன். நான் நட்டத்தின் பின் கற்றதை நீங்கள் நட்டத்துக்கு முன் கற்றுக்கொள்ளலாம்.

பொஸ்டன் சந்தையில் ஓர் ஆய்வு

அமெரிக்காவின் பொஸ்டன் நகர மொத்தச் சந்தையில் 1927ஆம் ஆண்டு ஃபிரடெரிக் வோ என்பவர் மரக்கறி விலைகளை ஆராய்ந்தார். அது பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவரது கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வாகி, 1929இல் நூலாகவும் வெளிவந்தது. ஒரே நாளில், ஒரே சந்தையில், ஒரே மரக்கறி ஏன் வெவ்வேறு விலைக்குப் போகிறது என்பதே அவரது கேள்வி. "தரம் நல்லது, அதனால் விலை கூட" என்று நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். அவரோ, தரம் என்றால் என்ன, அதில் எந்த அம்சத்துக்கு எத்தனை சதம் என்று கேட்டார்.

அவர் ஆராய்ந்தவற்றில் ஒன்று அஸ்பரகஸ். காலைக் கஞ்சிக்கு நாம் போடும் சாத்தாவாரியின் இனத்தைச் சேர்ந்தது அது. அங்கே இளந்தண்டை வெட்டிக் கட்டுக் கட்டாக விற்பார்கள். தண்டில் மண்ணுக்குள் இருந்த பகுதி வெள்ளையாகவும் வெயில் பட்ட பகுதி பச்சையாகவும் இருக்கும்.

வோ யாரிடமும் "உங்களுக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டு எழுதவில்லை. விற்பனைக்கு வந்த 200 தொகுதிகளை எடுத்து மூன்று விடயங்களை அளந்தார். தண்டில் பச்சை நிறம் எத்தனை அங்குலம், ஒரு கட்டில் எத்தனை தண்டுகள், தண்டுகளின் பருமன் ஒரே அளவா அல்லது பெரிதும் சிறிதுமா என்பவையே அவை. பின்னர் அந்தத் தொகுதி உண்மையில் என்ன விலைக்கு விற்பட்டது என்பதைப் பதிந்தார். சந்தை விலை நாளுக்கு நாள் ஏறி இறங்கும் என்பதால், ஒவ்வொரு தொகுதியின் விலையையும் அன்றைய பொது விலையோடு ஒப்பிட்டார்.

கிடைத்த விடை தெளிவானது. பச்சை நிறம் ஓர் அங்குலம் கூடும்போது, ஒரு டசின் கட்டுகளுக்கு ஏறக்குறைய 38 சதம் விலை கூடியது. ஒரு கட்டில் தண்டுகளின் எண்ணிக்கை கூடினால், அதாவது தண்டுகள் மெலிந்தால், விலை இறங்கியது. பெரிதும் சிறிதும் கலந்த கட்டுக்கும் விலை குறைந்தது. இம்மூன்றும் சேர்ந்தே விலை வேறுபாட்டில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பகுதியை விளக்கின. அதில் பெரும் பங்கு பச்சை நிறத்துக்கே.

விவசாயிக்கு இது பெரிய செய்தி. பச்சை கூடிய தண்டை வளர்க்க ஆகும் மேலதிகச் செலவு அந்த 38 சதத்திலும் குறைவென்றால் செய்யலாம், கூடவென்றால் விட்டுவிடலாம். தரம் உயர்ந்தால் போதாது. தரத்துக்குக் கிடைக்கும் மேலதிக விலை, அதற்கான மேலதிகச் செலவை விடக் கூட இருக்க வேண்டும். நான் பேரீச்சம்பழம் எடுத்த அன்று போடாத கணக்கு இதுதான்.

பொருளையா, அதன் பண்புகளையா?

கெல்வின் லங்காஸ்டர் என்ற பொருளியலாளர் 1966இல் இதே சிந்தனையை ஒரு கோட்பாடாக எழுதினார். பாவனையாளர் ஒரு பொருளை வாங்குவது அந்தப் பொருளுக்காக அல்ல, அதில் அடங்கிய பண்புகளுக்காகவே என்பது அதன் சாரம். பேரீச்சம்பழம் வாங்குபவர் இனிப்பை, மென்மையை, நோன்பு திறக்கும் தேவையை, விருந்தாளிக்கு முன்னால் வைக்கும் மரியாதையை வாங்குகிறார். இவை ஒவ்வொன்றுக்கும் அவர் மனதில் ஒரு விலை உண்டு. ஆனால் அதை அவரிடம் கேட்டால் சரியாகச் சொல்ல மாட்டார்.

அது பொய் சொல்வதற்காக அல்ல. கேள்விக்குப் பதில் சொல்லும்போது பணம் கொடுக்க வேண்டியதில்லை, அதனால் கை தாராளமாகிவிடுகிறது. "எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று வெறுமனே கேட்டால் வரும் தொகை, உண்மையில் கொடுப்பதை விடப் பெரும்பாலும் கூடவே இருக்கும் என்பதை ஆய்வாளர்கள் பல தடவைகள் கண்டிருக்கிறார்கள்.

இதனால் இத்துறை ஆய்வு மாணவர்கள் சில வேளைகளில் உண்மையான பணத்தைக் கையில் கொடுத்து ஏலம் நடத்துகிறார்கள். ஒவ்வொருவரும் தமது விலையை இரகசியமாக எழுதிக் கொடுப்பார். கூடிய விலை எழுதியவருக்கே பொருள். ஆனால் அவர் கட்டுவது இரண்டாவதாக வந்த விலையை. ஆகவே கூட்டியோ குறைத்தோ எழுதுவதால் எவருக்கும் நன்மையில்லை, மனதிலுள்ள விலையை எழுதுவதே நல்லது. இம்முறையை 1961இல் ஆராய்ந்து எழுதிய வில்லியம் விக்ரி 1996இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

ஊருக்கு ஊர் கை வேறு

பொஸ்டனில் பச்சைக்கு விலை என்றால் எல்லா ஊரிலும் அப்படியல்ல. ஐரோப்பாவில் ஜேர்மனியர் வெள்ளைத் தண்டையே விரும்பி வாங்குவார்கள். முட்டையும் அப்படித்தான். பொஸ்டன் பகுதியில் பழுப்பு நிற முட்டைக்கு நீண்ட காலமாக மவுசு, நியூயோர்க்கில் வெள்ளை முட்டைக்கு. நமது நாட்டில் 2022 ஓகஸ்டில் முட்டைக்கு உச்ச சில்லறை விலை விதித்தபோதும் வெள்ளை முட்டை 43 ரூபாய், சிவப்பு முட்டை 45 ரூபாய் என்று தனித்தனியாகவே விதித்தார்கள். ஓட்டின் நிறத்துக்கு இரண்டு ரூபாய்! எனவே அடுத்த ஊர் முதலாளியின் கணக்கை அப்படியே நம் கடைக்குக் கொண்டுவரக் கூடாது.

கொப்பி ஒன்று போதும்

2017 நோன்புக்கு மருமகன் சொன்னபடி செய்தேன். ஒரே பழத்தைக் கால் கிலோ, அரைக் கிலோ, ஒரு கிலோ எனப் பொதி செய்து, கிலோ விலையை மாற்றாமல் வைத்தேன். எந்தப் பொதி எத்தனை போனது என்று ஒவ்வொரு நாளும் கொப்பியில் எழுதினேன். அடுத்த வாரம் நிறையை மாற்றாமல் பழத்தை மட்டும் மாற்றினேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது விற்றது என்று தெரியாது.

என் கடையில் கண்டது இது. அன்றாடம் நோன்பு திறக்க வாங்குபவர் முதலில் பார்ப்பது பொதியின் மொத்த விலையை, பழத்தின் அளவை அதன் பிறகுதான். விலை கூடிய பழமும் போனது. ஆனால் கால் கிலோவாக, அதுவும் கடைசிப் பத்தில், பெருநாளுக்குக் கொடுத்தனுப்புவதற்காக. முந்திய வருடம் அவர்கள் சொன்னது பொய்யில்லை. நல்ல சாமான் வேண்டும் என்றார்கள். எவ்வளவு, எப்போது என்று நான் கேட்கவில்லை. அந்த வருடம் விலை கூடிய ரகத்தில் பத்துப் பெட்டிகளே எடுத்தேன், ஒன்றும் மிஞ்சவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

மேலே ஒன்று, கீழே ஒன்று

கலந்த கட்டுக்கு விலை குறைந்தது என்ற முடிவையும் மறக்க வேண்டாம். வெங்காயத்திலோ உருளைக்கிழங்கிலோ பெரியதை மேலே வைத்துச் சிறியதைக் கீழே மறைப்பவர் இலாபம் என்று நினைக்கிறார். வாங்குபவர் ஒரு முறை ஏமாறுவார், அடுத்த முறை முழுக் குவியலுக்கும் விலையைக் குறைத்தே கேட்பார், அல்லது வரவே மாட்டார். தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்கள் உள்ளே ஈரத்தைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுவோரை எச்சரித்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் வருவதை நாம் அறிவோம். தரம் பிரித்து வெளிப்படையாக விற்பது மார்க்கம் காட்டிய வழி. சந்தையில் அளந்து பார்த்தவரின் கணக்கும் அதற்கு முரணாக இல்லை.

அடுத்த கொள்வனவுக்கு முன் ஒரு கொப்பி எடுங்கள். ஒரு பொருளைத் தெரிவு செய்து, அதில் ஒரே ஒரு அம்சத்தை மாற்றி, இரண்டு வாரம் எழுதுங்கள். பெரிய பணத்தைப் போடுவதற்கு முன் சிறிய பணத்தில் சோதித்துப் பாருங்கள். கேள்விக் கொத்தோடு ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை கடைக்கு வந்தால் நேரமில்லை என்று திருப்பி அனுப்ப வேண்டாம். நான் முன்பு பலரைத் திருப்பி அனுப்பியவன்தான். அவர்களை உட்கார வைத்து ஒரு தேநீர் கொடுத்திருந்தால், அந்த இருபத்தெட்டுப் பெட்டிகள் மிஞ்சியிருக்காது.

அல்லாஹ் நமது வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக.