கசம் பார்த்துக் கால் வையுங்கள்: பாபநாசம், மணிமுத்தாறு ஒருநாள் பயணம்

திருநெல்வேலியிலிருந்து கிளம்பினால் காரையாறு, அகஸ்தியர் அருவி, மணிமுத்தாறு மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். தூரம் ஒரு பொருட்டே இல்லை. வருகிறவர்கள் தடுமாறுவது இரண்டே இடங்களில்தான்: வனத்துறை சோதனைச்சாவடியிலும் அருவிப் பாறையிலும். சாவடியில் தடுமாறினால் நேரம் போகும். பாறையில் தடுமாறினால் உயிர் போகும்.

வண்டியை அம்பாசமுத்திரத்திலோ வி.கே.புரத்திலோ பேசுங்கள். நெல்லையிலிருந்து வரும் ஓட்டுநருக்குச் சாலை தெரியும். அன்று எந்த அருவியை அடைத்திருக்கிறார்கள், மேலே நேற்று ராத்திரி மழை பெய்ததா என்பதெல்லாம் அம்பைக்காரருக்குத்தான் தெரியும். நல்ல வழிகாட்டி என்று நான் சொல்வது இந்த இரண்டையும் தெரிந்தவரைத்தான். ‘இன்றைக்கு இறங்க வேண்டாம்’ என்று அவர் சொன்னால் பேரம் பேசாதீர்கள்.

நீங்கள் போவது களக்காடு – முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள். 1988-இல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். பாபநாசத்திலும் மணிமுத்தாற்றிலும் தனித்தனிச் சாவடிகள். பையைத் திறந்து பார்ப்பார்கள். சோப்பு, ஷாம்பு, பிளாஸ்டிக், மது எதுவும் உள்ளே போகக்கூடாது. எண்ணெயையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அருவிக்குள் தேய்க்கும் எண்ணெய் கீழே படிக்கட்டில் குளிப்பவர் மேலும் ஆற்றுமீன் மேலும்தான் படியும். சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் கட்டிக்கொள்ளுங்கள். குரங்குகள் இருக்கின்றன, மூடி இறுக்கமாக இருக்கட்டும். சாவடி திறக்கும் நேரமும் அடைக்கும் நேரமும் மாறக்கூடியவை, முந்தின நாளே கேட்டுவிடுங்கள். ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் பெருங்கூட்டம் வரும். அருவி பார்க்க அது நாளல்ல.

தூரத்து இடத்தை முதலில் முடிப்பது என் விதி. விடிந்ததும் பாபநாசம் சாவடியைத் தாண்டி, வழியில் எங்கும் நிற்காமல் நேரே சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கும் காரையாறு அணைக்கும் போய்விடுங்கள். காலைக் காடு வேறு, பத்து மணிக் காடு வேறு. ரோஜா படத்தில் பார்த்த பாணதீர்த்தத்தைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். அங்கே குளிக்க நெடுங்காலமாகத் தடை இருக்கிறது. ‘ஆள் பிடித்துப் போய்விடலாம்’ என்று யாராவது சொன்னால் அந்த ஆளை நம்பாதீர்கள். இறங்கி வரும்போது அகஸ்தியர் அருவி. கோடையிலும் தண்ணீர் வற்றாத அருவி அது.

இனி பாறை. இந்தக் கரும்பாறையைப் பார்த்துவிட்டு எரிமலைக் குழம்பு உறைந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த மலையைப் பார்க்க மகாராஷ்டிரத்துக்குப் போக வேண்டும். இந்தப் பொதிகை மலைப் பாறை, பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து இறுகியது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் மேலிருந்தவை அரித்துப் போனபின் வெளியே தெரிகிறது. சார்னோகைட், நைஸ் என்று புவியியலாளர்கள் சொல்லும் இனம். அதன் கெட்டித்தன்மைதான் குளிப்பவருக்கு ஆபத்து. இந்தப் பாறை லேசில் பொடிந்து மணலாகாது. நீர் ஓடும் இடத்தில் வழவழவென்று தேயும். சுழலில் சிக்கிய கூழாங்கற்கள் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிப் பாறைக்குள் உரல் மாதிரி குழி பறிக்கும். மேலே முழங்கால் தண்ணீர், அடுத்த அடியில் ஆள் மூழ்கும் பள்ளம். ஆற்றில் இப்படி ஆழமான இடத்தைத்தான் கசம் என்கிறோம். நுரை அடித்துக்கொண்டிருக்கும்போது கசம் கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே முதல் ஐந்து நிமிடம் இறங்காதீர்கள். கரையில் நின்று உள்ளூர்க்காரர்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே நிற்பதில்லை என்று பாருங்கள். இடம் காலியாக இருக்கிறதே என்று போகாதீர்கள், அது காலியாக இருப்பதற்குக் காரணம் இருக்கும். செருப்பைக் கழற்றிவிடுங்கள், பாசி இருக்கிறதா என்பதை வெறுங்கால்தான் சொல்லும். ஒரு காலை அழுத்தி ஊன்றி உறுதியான பிறகே மறுகாலை எடுங்கள். கம்பி கட்டிய இடத்துக்குள் மட்டும் நில்லுங்கள். மெல்லிய தண்ணீர்தானே என்று ஓடையைக் குறுக்கே தாண்டவே தாண்டாதீர்கள்.

அகஸ்தியர் அருவிக்கு மேலே, படியேறிப் போனால் கல்யாண தீர்த்தம். சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்திய வ.வே.சு. ஐயர் 1925-இல் இங்கே வந்தபோதுதான், ஓடையைத் தாண்டப் போய்த் தவறி விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றக் குதித்தார். இருவரும் மீளவில்லை. அங்கே போனால் கோயிலைக் கும்பிடுங்கள், நீரைத் தள்ளி நின்று பாருங்கள். இறங்க வேண்டாம்.

அடுத்தது வெள்ளம். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிப்பதற்கும் அருவிக்கும் சம்பந்தமில்லை. மழை பெய்வது மேலே. மாஞ்சோலை மலையிலுள்ள நாலுமுக்கும் ஊத்தும் மாநிலத்திலேயே அதிக மழை பதிவாகும் இடங்களில் சேர்ந்தவை. அம்பையில் தூறல்கூட இல்லாத நாளிலும் அங்கே கொட்டும். பக்கத்துத் தென்காசி மாவட்டத்தில், பழைய குற்றாலத்தில், 2024 மே மாதம் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு மாணவனை இழுத்துச் சென்றது. கோடை நடுவே, மே மாதத்தில் நடந்தது அது. கவனிக்க வேண்டியது இவ்வளவுதான்: தெளிந்த நீர் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, அருவியின் இரைச்சல் கனப்பது. மூன்றில் ஒன்று தெரிந்தாலே வெளியேறுங்கள். துண்டை எடுக்கத் திரும்பாதீர்கள். நீரோட்டத்தோடு கீழ்நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் பக்கத்துக் கரைக்கு ஏறுங்கள். பிள்ளைகளோடு வந்தால் பெரியவர் ஒருவர் குளிக்காமல் கரையில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முறை வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு சாவடிக்கு வெளியே, பாபநாசநாதர் கோயில் பக்கத்தில் ஆகட்டும். பிறகு மணிமுத்தாறு. 1958-இல் முடிந்த அணையைப் பார்த்துவிட்டு மேலே அருவிக்கு ஏறலாம். அருவி விழும் இடத்துத் தடாகம் மிக ஆழம், நீச்சல் தெரிந்தவரும் அதில் இறங்கக் கூடாது. வார விடுமுறையில் கூட்டம் நெரியும். செவ்வாய், புதன் நல்லது. மாஞ்சோலைக்குத் தனி அனுமதி வேண்டும், தனி நாளும் வேண்டும். மணிமுத்தாற்றோடு சேர்த்து அதையும் முடித்துவிடப் பார்த்தால் மலைப்பாதையில் இருட்டிவிடும். அந்த நேரத்துச் சாலை யானைக்கும் காட்டெருமைக்கும் உரியது.

மாதம் கேட்டால் டிசம்பர் கடைசியும் ஜனவரியும் என்பேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, நீர் தெளிந்து, அருவி நிறைந்திருக்கும். நான்கரை மணிக்குள் மணிமுத்தாற்றிலிருந்து இறங்கினால் கல்லிடைக்குறிச்சி வழியாக நிதானமாக நெல்லை வந்து சேரலாம். அல்வாவுக்குப் பேர்போன இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும், இருப்பு தீர்ந்ததும் மூடிவிடுவார்கள். அல்வா வேண்டுமென்றால் ஓட்டுநரிடம் நேரே டவுனுக்கு விடச் சொல்லுங்கள்.